சீட்டுக்கு மானியம் உண்டு, நடைக்கு உண்டா? உசிலம்பட்டி வட்டாரத்தின் கல்லூரிப் பேருந்துகள்

தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களின் பேருந்துப் பயணம் பற்றிய பேச்சு இரண்டு இடங்களில் வந்து நின்றுவிடுகிறது. ஒன்று கட்டணம், இன்னொன்று படிக்கட்டு. கட்டணம் ஏறும்போது மாணவர்கள் சாலைக்கு வருகிறார்கள்; படிக்கட்டில் தொங்கியவர் விழும்போது காவல் துறையும் நீதிமன்றமும் வருகின்றன. எட்டரைக்கு வர வேண்டிய வண்டி எட்டரைக்கு வந்ததா என்ற கேள்வியை மட்டும் யாரும் கொள்கைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. ஏதோ ஒரு பணிமனையின் அன்றாடத் தகராறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாணவர் போக்குவரத்துக்கு அரசு செலவிடும் பணம் சிறு தொகை அல்ல. ஆனால் அது சீட்டுக்குப் போகிறது, நடைக்குப் போவதில்லை. பயணியின் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது; வண்டி குறித்த நேரத்தில் குறித்த ஊருக்குப் போய்த் திரும்பும் என்ற உறுதிக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. பெருநகரத்தில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. ஒரு வண்டியை விட்டால் பத்து நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். உசிலம்பட்டி போன்ற ஊரில்தான் மானியம் எங்கே நின்றுபோகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

2011 கணக்கெடுப்பில் உசிலம்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 35 ஆயிரம். மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், தேனி சாலையில், ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கிறது. ஊருக்குள்ளிருந்து கிழக்கே வாலாந்தூர், கருமாத்தூர், செக்கானூரணி வழியாக மதுரைக்கும், மேற்கே தேனிக்கும், வடக்கே உத்தப்பநாயக்கனூர் வழியாக வத்தலக்குண்டுக்கும், தெற்கே எழுமலை, பேரையூர் பக்கமும், சிந்துபட்டி வழியாகத் திருமங்கலத்துக்கும் சாலைகள் பிரிகின்றன. அரசியல் தலைவர் பி.கே. மூக்கையாத் தேவரின் முயற்சியால் தென்மாவட்டங்களில் எழுந்த மூன்று தேவர் கல்லூரிகளில் ஒன்று 1968இல் இங்கே தொடங்கியது. மற்ற இரண்டு கமுதியிலும் மேலநீலிதநல்லூரிலும் உள்ளன. 1970இல் இதே சாலையில் கருமாத்தூரில் இயேசு சபையினர் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தொடங்கினர். இன்னும் கிழக்கே, நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய பல்கலை நகரில், 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், பின்னாளின் காமராசர் பல்கலைக்கழகம். ஆக, இந்த ஒரே சாலை உயர்கல்விச் சாலை. காலையில் இதில் இரண்டு ஓட்டங்கள் நடக்கின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து உசிலம்பட்டிக்குள் வருவது ஒன்று. உசிலம்பட்டியிலிருந்து கருமாத்தூர், பல்கலை நகர், மதுரை என்று கிழக்கே போவது மற்றொன்று. எழுமலைப் பக்கத்துக் கிராமத்து மாணவி கருமாத்தூரில் படித்தால் அவருக்கு இரண்டும் வேண்டும். முதல் வண்டி பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது வண்டி போய்விடும். பிரதான சாலையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. தட்டுப்பாடு முழுக்கக் கிளைச் சாலைகளில்தான்.

இந்த வட்டாரத்தில் பயணம் என்பது வெறும் வசதிப் பிரச்சினையாக இருந்ததில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் இங்குள்ள பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது பாய்ந்த காலத்தில் ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. நடமாட்டமே குற்றமாக இருந்த நிலத்தில், அது நீங்கிய 21ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி வந்தது என்று பார்த்தால் அதன் பொருள் வேறாகத் தெரியும். அந்தச் சமூகத்துக்காக அரசு நடத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஊருக்கு ஊர் நடக்கும் தூரத்தில் அமைந்தன. கல்லூரியை அப்படி ஊருக்கு ஊர் வைக்க முடியாது. அங்கே போய்ச்சேரப் பேருந்து வேண்டும். 1980களில் பெண்சிசுக் கொலைக்காக நாடெங்கும் பெயர் கெட்ட வட்டாரமும் இதுவே. அந்த நாட்களின் பேச்செல்லாம் பெண் பிள்ளையைச் செலவாகக் கருதும் கணக்கைப் பற்றியது. இன்று ஒரு கிராமத்துக் குடும்பம் மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், எந்த வண்டியில் திரும்புவாள் என்பதையும் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நேரம் தவறும் பேருந்து மகளுக்கு எதிராகவே நிற்கும்.

மதுரை வட்டாரத்தில் பேருந்து நேரம் பற்றிப் பேசினால், முன்பு இங்கே பேருந்து ஓட்டிய தனியார் நிறுவனமான டி.வி.எஸ். பெயர் வராமல் இருக்காது. அந்த வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பது மூத்தவர்கள் சலிக்காமல் சொல்லும் சொல். 1972இல் அந்தத் தடங்கள் அரசு வசமாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997இல் தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் நீக்கப்பட்டு மாவட்டங்களின் கழகங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்கு வந்தன. டி.வி.எஸ். நினைவை வைத்துத் தனியாரிடம் திரும்பக் கொடுங்கள் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த நேர ஒழுங்கு வருமானம் தந்த தடங்களின் ஒழுங்கு. மண் சாலையும் கூட்டமில்லாத நடையும் கொண்ட உள்ளூர்களுக்கு வண்டி பரவியது பெரும்பாலும் அரசுடைமைக்குப் பிறகுதான். ஆனால் அரசுத் தரப்பும் ஒன்றை மறந்துவிட்டது. தனியாரிடமிருந்து வண்டியையும் தடத்தையும் எடுத்துக்கொண்ட கழகம் நேரத்தைப் புனிதமாகக் கருதும் வழக்கத்தைச் சேர்த்து எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை ஊருக்குப் பேருந்து விட்டோம் என்பது சட்டமன்றத்தில் சொல்லத் தகுந்த சாதனையானது. விட்ட பேருந்து எத்தனை நாள் நேரத்துக்குப் போனது என்று கேட்பார் இல்லை.

கட்டணத்தின் பக்கம் அரசு கணிசமாகச் செய்திருக்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. பள்ளி மாணவர்களுக்கும் அரசுக் கல்லூரி, அரசுப் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் இலவச பஸ் பாஸ், தனியார் கல்லூரி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பது நெடுநாள் ஏற்பாடு. 2018 ஜனவரியில் சாதாரணப் புறநகர்ப் பேருந்தின் கட்டணம் கிலோமீட்டருக்கு 42 பைசாவிலிருந்து 60 பைசாவுக்கு ஏறியது. மாணவர்கள் மாநிலமெங்கும் வகுப்பைப் புறக்கணித்தார்கள். ஒரு வாரம் கழித்து 58 பைசாவாகக் குறைத்தார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் சேர்ந்தன. இவற்றையெல்லாம் உசிலம்பட்டி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்கு உரியது. மதுரைக்குப் போகும் புறநகர் வண்டிக்கு இல்லை. 40 கிலோமீட்டருக்கு 58 பைசா வீதம் ஒரு வழிக்குச் சுமார் 23 ரூபாய், மாதம் 22 வகுப்பு நாள் என்றால் போகவர ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். புதுமைப் பெண் பணம் முழுவதும் நடத்துநர் பைக்குள் போய்விடும். பாஸ் இருந்தால் பாதி மிஞ்சும். டவுன் பஸ்ஸில் உள்ளூர்க் கல்லூரிக்கு வருகிற மாணவிக்கோ கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. அவருடைய சிக்கல் இலவச வண்டி ஊருக்கு எப்போது வரும் என்பதுதான்.

அது ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்பதற்குப் பணிமனையின் கணக்கு முறையைப் பார்க்க வேண்டும். ஊழியர்கள் சோம்பேறிகள் என்ற பதில் எளிது. அது பாதிகூட உண்மையில்லை. ஒரு கிளையின் அன்றாட மதிப்பெண் இரண்டு: அன்றைய கலெக்‌ஷன், டீசல் லிட்டருக்கு ஓடிய கிலோமீட்டர். ஓட்டுநர், நடத்துநருக்கான பேட்டாவும் கலெக்‌ஷனோடு பிணைந்திருக்கிறது. பாஸ் வைத்திருக்கும் மாணவர் ஏறினால் கலெக்‌ஷன் ஏறாது. அவருக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஆண்டுக் கணக்கில் ஈடுகட்டுகிறது. அந்தத் தொகை அந்த நடைக்கோ, அந்த வண்டியின் ஊழியருக்கோ, அந்தக் கிளைக்கோ தனியாக வந்து சேர்வதில்லை. எனவே கல்லூரி நேரத்து நடை, வண்டி நிரம்பி வழிந்தாலும், ஏட்டில் நஷ்ட நடையாகவே பதிவாகிறது. நிறுத்தத்தில் நாற்பது மாணவர்கள் நிற்கும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவதும், நிறுத்தாமலே போவதும் இந்த ஏற்பாடு தூண்டிவிடும் நடத்தைகள்தான். கூட்டத்தோடு மல்லுக்கட்டிப் படிக்கட்டைக் காக்கும் பொறுப்பு நடத்துநருக்கு. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. நல்லெண்ணத்தால் நிறுத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பொதுப் போக்குவரத்து ஊழியரின் நல்லெண்ணத்தை நம்பி ஓடக் கூடாது.

வண்டி பழுதானாலோ ஆள் வராவிட்டாலோ எந்த நடையை முதலில் வெட்டுவது என்ற முடிவும் இதே கணக்கில்தான் எடுக்கப்படுகிறது. மதுரை வண்டியை வெட்டினால் வருமானம் போகும். கிராமத்து நடையை வெட்டினால் ஏட்டில் எதுவும் குறையாது, டீசல்கூட மிச்சம். ஆகவே தட்டுப்பாடு எங்கே தோன்றினாலும் அதன் சுமை இறங்குவது கிளைச் சாலையில்தான். பல ஆண்டுகள் பெரிய அளவில் புதிய ஆள் எடுக்காமல் இருந்துவிட்டு 2025இல் 3,274 ஓட்டுநர்-நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த இடைவெளி முழுவதையும் இந்த வெட்டுகள்தான் நிரப்பின. உசிலம்பட்டிக்காரர்களுக்கு இது பழகிய தர்க்கம். இப்பகுதிக் கிராமங்களுக்கு வைகைத் தண்ணீர் கொண்டுவருவதற்கான 58 கிராமக் கால்வாயை வெட்டி முடித்துவிட்டார்கள். வைகை அணையில் 67 அடிக்கு மேல் நின்றால்தான் அதில் தண்ணீர். மிச்சம் இருந்தால் உனக்கு என்ற ஏற்பாடு கால்வாய்க்கும் கிராமத்து நடைக்கும் ஒன்றுதான். இதன் விலையை மாணவர் வருகைப் பதிவில் கட்டுகிறார். 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் அபராதம் கட்டித்தான் தேர்வு எழுத முடியும். நாளின் முதல் வகுப்பு வாரத்துக்கு இரண்டு முறை போனால் பருவ முடிவில் என்ன நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாலையிலோ ஆய்வுக்கூட வகுப்பு முடியுமுன் எழுந்து ஓட வேண்டும், இல்லையென்றால் இருட்டிய பிறகு வரும் அடுத்த நடை. நூலகம் என்ற ஒன்று பேருந்து மாணவருக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்துக் கழகங்கள் கடனில் மூழ்கியிருக்கும்போது இன்னும் நடை கேட்பது நியாயமா என்ற எதிர்வாதம் வலுவானது. உச்ச நேரத்துக்கென்று வைக்கும் வண்டி நடுப்பகலில் சும்மா நிற்கும், அதற்கான வண்டியும் ஆளும் நாள் முழுக்கச் செலவு என்பது உலகெங்கும் போக்குவரத்துப் பொருளாதாரத்தின் அடிப்படைச் சிக்கல். ஆனால் இங்கே கேட்பது புதிய வண்டிகளை அல்ல. ஏற்கெனவே அட்டவணையில் இருக்கும் நடை உறுதியாக ஓட வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை. அந்த நடையில் ஏறுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள் மட்டுமா? பள்ளிப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகும் பெண்கள், பூ மூட்டையும் காய்கறிச் சாக்கும் கொண்டுவரும் விவசாயிகள், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் என்று ஒரு ஊரின் காலை முழுவதும் அந்த ஒரு வண்டியில்தான் வருகிறது. கல்லூரிக்குக் கிராமத்துப் பேருந்தில் உள்ள மதிப்பே இதுதான்: ஆண்டுக்கு ஏறக்குறைய 180 நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு, தவறாமல் வரும் பயணிகளை அது தருகிறது. இவ்வளவு நிச்சயமான தேவை ஒரு சிறுநகரத்தில் வேறு எதற்கும் கிடையாது. அந்த நிச்சயத்தைக் கொண்டு மற்றவர்களுக்கான வண்டியையும் தாங்கிப்பிடிக்க முடியும்.

அதனால்தான் கல்லூரிகளே சொந்தமாக வண்டி ஓட்டிக்கொள்ளட்டும் என்ற யோசனையை நான் ஆபத்தானது என்கிறேன். தனியார் பொறியியல் கல்லூரிகள் இந்த வழியில் போய்விட்டன. காலையில் மதுரைச் சுற்றுச்சாலைகளில் வரிசையாகப் போகும் அந்த வண்டிகள் மாலை வரை கல்லூரி வளாகத்தில் நிழலில் நிற்கும். அந்தச் செலவு பெற்றோர் தலையில் வருடக் கட்டணமாக ஏறும். கலை அறிவியல் கல்லூரிக்கு வரும் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளால் அதைத் தாங்க முடியாது. தாங்கினாலும், மாணவர்களைத் தனி வண்டிக்கு இழுத்துவிட்டால் கிராமத்து நடைக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்து பேர்; அந்த நடை அடுத்த வருடம் நிற்கும். இதற்கு நேர்மாறான வழி உலகத்தில் உண்டு. உசிலம்பட்டிக் கல்லூரி தொடங்கிய அதே 1968இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் லண்டனிலிருந்து இரண்டு பழைய மாடிப் பேருந்துகளை வாங்கி ஓட்டத் தொடங்கியது. மாணவர்களே ஓட்டுநர்கள். பின்னர் அது ஊருக்கே திறந்துவிடப்பட்டு, அந்த நகரத்தின் பொதுப் பேருந்தாக இன்றும் ஓடுகிறது. வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில் பல்கலைக்கழகமும் இரண்டு நகராட்சிகளும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு 2002 முதல் யாருக்கும் கட்டணமில்லாமல் பேருந்து விடுகின்றன. ஜெர்மனியில் 1991இல் டார்ம்ஸ்டாட் நகரில் தொடங்கிய பருவச் சீட்டு முறையில் ஏறுகிறவர், ஏறாதவர் எல்லா மாணவரும் ஒரு சிறு தொகை கட்டினார்கள். போக்குவரத்து நிறுவனத்துக்குப் பருவம் முழுவதற்கும் நிச்சய வருமானம் கிடைத்தது. பணக்கார நாடுகளின் கதை நமக்கு எதற்கு என்பவர்கள், இவற்றின் செல்வத்தை விட்டுவிட்டுப் பண ஏற்பாட்டை மட்டும் பார்க்கலாம். மூன்றிலும் பணம் தலைக்கணக்கில் பின்னால் வந்து ஈடுகட்டவில்லை. சேவையை முன்கூட்டியே வாங்கியது.

மதுரை–தேனி சாலையிலேயே மேற்கே போய் மலையைக் கடந்தால் இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கொல்லயில் ஊராட்சியில் தொடங்கிய ‘கிராம வண்டி’ திட்டத்தில் எரிபொருள் செலவை உள்ளாட்சி ஏற்கிறது. வண்டியும் ஊழியர் சம்பளமும் பராமரிப்பும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. எந்தத் தடம், எத்தனை மணி என்பதைச் சொல்லும் உரிமை டீசலுக்குப் பணம் தரும் ஊராட்சிக்கு. நம்மூரில் ஊராட்சி ஒன்றியமும் கல்லூரியும் பணிமனைக்கு மனு கொடுக்கலாம். மனுவுக்கு எடை கிடையாது. நடைக்குப் பணம் தருகிறவருடைய சொல்லுக்கே எடை வரும். உசிலம்பட்டி ஊராட்சிகளின் வருவாயைக் கொண்டு இதைச் செய்ய முடியாது என்பது சரியான ஆட்சேபம். ஆனால் புதிய பணம் தேவையில்லை. மாணவர் பாஸுக்காக மாநில அரசு ஏற்கெனவே கழகத்துக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியைத் தலைக்கணக்கிலிருந்து நடைக்கணக்குக்கு மாற்றினால் போதும். கிராமத்திலிருந்து காலை இரண்டு நடை, கிராமத்துக்கு மாலை இரண்டு நடை. ஓடினால் பணம், ஓடாவிட்டால் அன்றைய பணம் இல்லை. அப்போது வண்டி பழுதாகும் நாளில் எந்த நடையை வெட்டுவது என்று முடிவெடுக்கும் கிளை மேலாளரின் கணக்கு தானாக மாறும்.

மினி பஸ் இந்த இடத்தை நிரப்பும் என்பது அரசின் நம்பிக்கை. 1990களின் இறுதியில் வந்த பழைய திட்டத்தில் பேருந்து ஓடாத தடம் 16 கிலோமீட்டர், ஓடும் தடம் 4 கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தது. 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய திட்டம் தடத்தை 25 கிலோமீட்டர் வரை நீட்டியது. பேருந்தே பார்க்காத குடியிருப்புகளுக்கு இது நல்லதுதான். கல்லூரிக்குப் போகிறவருக்கு ஒரு சிக்கல்: திட்டம் தொடங்கியபோது மினி பஸ்ஸில் மாணவர் பாஸ் செல்லவில்லை, மகளிர் இலவசமும் இல்லை. ஊர் வாசலுக்கு வண்டி வந்தது, ஆனால் அரசு அவருக்குத் தந்திருக்கும் சலுகை எல்லாம் ஊருக்கு வெளியே அடுத்த நிறுத்தத்தில் நின்றது. உரிமையாளரைக் குறை சொல்ல முடியாது. கட்டணம் ஒன்றுதான் அவர் வருமானம். கூட்டம் இருக்கும் பிரதான சாலையை நோக்கியே வண்டி சாயும் என்பதும் பழைய திட்டத்தில் பார்த்ததுதான். சீட்டுக்குப் பதிலாக நடைக்குப் பணம் தருவது இங்கேயும் பயன்படும்; காலை மாலை இரண்டு நடைக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தால் பாஸை ஏற்கும்படி மினி பஸ்ஸையும் கேட்க முடியும்.

ரயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி ரயில் தேனி வரை 2022 மே மாதமும் போடி வரை 2023 ஜூனிலும் திரும்ப ஓடியது. பாதை மூடியபோது முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அது திறந்தபோது பள்ளிப் படிப்பின் இறுதிக்கே வந்துவிட்டது. அந்தப் பயணிகள் ரயிலும் காலையில் மதுரையிலிருந்து மேற்கேயும் மாலையில் போடியிலிருந்து கிழக்கேயும் போவது. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு வரும் ஆசிரியருக்கு உதவலாம். உசிலம்பட்டியிலிருந்து கிழக்கே படிக்கப் போகும் மாணவருக்கு உதவாது.

படிக்கட்டைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒழுக்கத்தில் தொடங்கி ஒழுக்கத்திலேயே முடிகிறது. 2012 டிசம்பரில் சென்னைப் பெருங்குடி அருகே படிக்கட்டில் நின்று பயணித்த நான்கு மாணவர்கள் லாரி மோதி இறந்தபோது உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கதவு பொருத்துவது, கண்காணிப்பது என்று பல நடவடிக்கைகள் பிறகு வந்தன. சென்னைக் கல்லூரி மாணவர்கள் பேருந்துகளில் நடத்தும் ‘பஸ் டே’, ‘ரூட்டு தல’ ஆட்டங்களை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தை உசிலம்பட்டிக்குப் பொருத்தினால் தவறாகிவிடும். அடுத்த நடை மூன்று மணி நேரம் கழித்து என்றால் படிக்கட்டுதான் இருக்கை. கதவை மூடிவிட்டால் தொங்குகிறவர் பாதுகாப்பாகிறார் என்பது நகரத்துக் கணக்கு. கிராமத்தில் அவர் சாலையில் நிற்கிறார், அவ்வளவுதான். அப்படி நிற்கிற ஆண் பிள்ளைகள் கடனுக்கு இருசக்கர வண்டி வாங்குகிறார்கள், ஒன்றில் மூன்று பேர் போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே மோசமான சேவையின் இழப்பு இருவருக்கும் சமமாக விழுவதில்லை. ஆண்கள் வெளியேறிய பேருந்து பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டுமே ஏறும் வண்டியாகிறது. கட்டணமில்லாதவர்கள் மட்டும் ஏறும் வண்டியை ‘யாருமே காசு கொடுக்காத நடை’ என்று வெட்டுவது இன்னும் எளிதாகிறது.

கல்லூரிகள் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. பள்ளி, கல்லூரி, அலுவலகம் மூன்றும் ஒரே அரை மணி நேரத்துக்குள் திறப்பது வானத்திலிருந்து விதிக்கப்பட்டதல்ல. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் காலை, பிற்பகல் என இரு சுழற்சி வகுப்புகள் நடந்திருக்கின்றன. ஆசிரியர் பற்றாக்குறைக்காகவும் இடப் பற்றாக்குறைக்காகவும் நேரத்தை மாற்றத் தெரிந்த நிர்வாகங்கள் பேருந்துக்காக மாற்ற யோசித்ததில்லை. முதல் வகுப்பை அரை மணி தள்ளிவைத்தால் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட அதே வண்டி ஒரு நடை திரும்பிப் போய் வரலாம். ஒரு வண்டி இரண்டு வண்டியின் வேலையைச் செய்யும். மாலை சீக்கிரம் வீடு திரும்ப முடியாது என்று எதிர்ப்பு வரும். அதற்கு மாலைக் கடைசி நடையை உறுதியாக்குவதே பதில். இரண்டையும் ஒரே பேரத்தில்தான் பேச வேண்டும், கல்லூரி தன் நேரத்தையும் பணிமனை தன் நடையையும் மேசைமேல் வைத்து.

அந்தப் பேரத்துக்குத் தேவையான தகவல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கல்வியாண்டிலும் பாஸுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எந்த ஊர் நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தம் வரை போகிறார் என்று எழுதிக் கொடுக்கிறார். கல்லூரி முத்திரை வைத்து அனுப்புகிறது. படிவம் போய்ச் சேர்வது பேருந்தை ஓட்டும் அதே கழகத்துக்கு. உத்தப்பநாயக்கனூர்ச் சாலையில் எத்தனை பேர், எழுமலைச் சாலையில் எத்தனை பேர், செக்கானூரணியில் வண்டி மாறுகிறவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. அது புகைப்படம் ஒட்டிய அட்டை அச்சடிக்க மட்டும் பயன்படுகிறது. நடத்துநர் கையில் இப்போது மின்னணு டிக்கெட் கருவி இருக்கிறது. பாஸ் காட்டியவரையும் அதில் ஒரு பொத்தானால் பதிவு செய்தால் எந்த நடையில் எத்தனை மாணவர் ஏறினார் என்பது அன்றிரவே தெரிந்துவிடும், நடைக்குப் பணம் தருவதற்கான சான்றும் அதுவே ஆகும். ஜூனில் சேர்க்கை நடக்கிறது. முதலாண்டு மாணவரின் ஊர்கள் வருடா வருடம் மாறுகின்றன. படிவங்களை ஊர்வாரியாக எண்ணி ஜூலைக்குள் நேர அட்டவணையைத் திருத்த ஒரு கிளை மேலாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் ஒரு பிற்பகல் போதும். திருத்தியதைத் தலைமையகத்தைக் கேட்காமல் நடைமுறைப்படுத்தும் அதிகாரம்தான் இப்போது அவர்கள் இருவரிடமும் இல்லாதது.